‘ஆ’ காட்டினால் மட்டும் போதுமா?

“வாயைத் திறங்க... ஆ சொல்லுங்க!”

தொண்டை வலி என்று போனால் டாக்டர் சொல்லும் முதல் வார்த்தை இது. ‘ஆ’ சொல்லும்போது உள்நாக்கும் அதை ஒட்டிய மேல் அண்ணமும் தூக்கிக்கொள்ளும். டான்சில்களும் தொண்டையின் பின்பக்கமும் பளிச்சென்று தெரியும். அதற்குத்தான் அந்த ‘ஆ’!

ஆனால், வாய்ப் பரிசோதனை அதோடு முடிவதில்லை. 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சுகரோடு வாயையும் பார்க்கிறார்கள். வாய்ப்புற்றுநோயை முளையிலேயே பிடிக்கத்தான் இது. “எனக்குத்தான் வலியே இல்லையே” என்று பலரும் நழுவிவிடுகிறோம். சிக்கலே அங்கேதான். புற்றுநோய்க்கு முந்தைய திட்டுகள் பெரும்பாலும் வலிக்காது!

எப்படிப் பார்ப்பார்கள்?

* பல்செட் இருந்தால் கழற்றி, வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். திட்டு அதன் அடியிலும் ஒளிந்திருக்கலாம்.
* டார்ச் வெளிச்சத்தில் உதடு, கன்னத்தின் உள்பக்கம், ஈறு, அண்ணம் என்று வரிசையாகப் பார்ப்பார்கள்.
* நாக்கை நீட்டச் சொல்லி, துணியால் பிடித்து இரண்டு ஓரங்களையும் பார்ப்பார்கள். பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பகுதி. நம் கண்ணில் படாத இடங்கள் இவைதான்.
* கடைசியாக, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள்.

ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிட வேலை.

‘வெறும் டார்ச்சில் என்ன தெரியும்?’ என்கிறீர்களா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இப்படித்தான் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவிகிதம் குறைந்தது. 2005-ல் வெளியான முடிவு இது.

இவை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்

* இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்
* துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அல்லது சிவப்புத் திட்டு
* மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியாத அளவுக்கு வாய் திறக்காமல் போவது
* கழுத்தில் கட்டி

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் ஆபத்துதான். வீட்டில் வெற்றிலை பாக்கு போடும் பாட்டியோ, புகைபிடிக்கும் அப்பாவோ இருந்தால், அடுத்த முறை பி.பி. பார்க்கப் போகும்போது, “வாயையும் பாருங்க சிஸ்டர்” என்று நீங்களே கேளுங்கள்.

பல்செட்டைக் கழற்றப் பாட்டி கூச்சப்படுவார். கூடவே நின்று, கழற்ற வையுங்கள்!