வகுப்பறையில் செய்தியோடை

வாசிக்கும் பழக்கம் மாணாக்கரிடையே அருகிவிட்டது என்று ஆசிரியர் கூடுமிடமெல்லாம் குறைகூறக் கேட்கிறோம். இக்கூற்று முழு உண்மையாகாது. நாள் முழுவதும் அவர்கள் கைத்தொலைபேசியில் எதையோ வாசித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். ஆனால், எதை வாசிப்பது என்பதைத் தெரிபவர் அவர்களல்லர். முன்பு எதனை நெடுநேரம் பார்த்தார்களோ அதனைக் கணக்கிட்டு, அதையொத்தவற்றையே மேன்மேலும் கொண்டுவந்து நிறுத்தும் பொறிமுறையொன்று அவர்களுக்காகத் தெரிவு செய்கிறது. தெரியும் உரிமை இவ்வாறு கைநழுவிப் போவதே நாம் கவலைகொள்ள வேண்டிய விடயம்.

இந்நோய்க்கு மருந்தொன்று கால் நூற்றாண்டுக்கு மேலாக நம் அருகிலேயே இருந்துவருகிறது. செய்தியோடை என்பது அதன் பெயர். 1999ஆம் ஆண்டு நெற்ஸ்கேப் நிறுவனம் ஆர்.எஸ்.எஸ். என்னும் வடிவில் அதனை அறிமுகஞ் செய்தது. ஓர் இணையத்தளத்திற் புதிதாக வெளியாகும் ஆக்கங்களின் தலைப்பு, திகதி, சுருக்கம், இணைப்பு ஆகியவற்றை நிரற்படுத்தித் தரும் சிறு கோப்பே ஓடை. நாம் விரும்பிய தளங்களின் ஓடைகளை ஓடை வாசிப்பான் ஓரிடத்தில் திரட்டித் தரும். பொதுவாக, பரபரப்பை நோக்காது புதியதையே அது முன்னே வைக்கும்.

வகுப்பறையில் இதனால் யாது பயன்? அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனம் உலகிற் பதிவாகும் நிலநடுக்கங்களை ஓடையாக வெளியிடுகிறது. நாள்தோறும் ஒரு மாணாக்கர் அவற்றுள் 4.5 அளவுக்கு மேற்பட்டவற்றை வகுப்புத் தேசப்படத்திற் குறித்துவரட்டும். சில மாதங்களிற் பசிபிக் சமுத்திரத்தின் விளிம்பை அப்புள்ளிகளே வரைந்து காட்டும். புவித்தகடுகள் பற்றிய பாடத்தை அதன்பின் மனனஞ் செய்ய வேண்டியதில்லை. தமிழ் வகுப்பிலோ, ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று பத்திரிகைகள் இட்ட தலைப்புகளை அருகருகே வைத்து, எது எழுவாயாயிற்று, யார் பெயர் விடுபட்டது, செயப்பாட்டு வினை யாரைக் காப்பாற்றுகிறது என ஆராயலாம். இலக்கணம் அங்கே உயிர்பெறும்.

கிராமப்புறப் பாடசாலைகளில் இதற்கு வசதி ஏது என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயின், ஓடை எழுத்தாலான கோப்பு. காணொளியைப் போலத் தரவை விழுங்குவதில்லை. வகுப்புக்கு ஒரு கணினி போதும். தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதியும் பாடம் நடத்தலாம்.

இன்னொரு தடை இதனினும் வலியது. பொறிமுறையின் இடத்தில் ஆசிரியர் அமர்ந்து தாமே யாவற்றையும் தெரிவாராயின், எசமானர் மாறினாரேயன்றி அடிமைத்தனம் மாறவில்லை. ஆகவே, முதலாந் தவணையில் ஆசிரியரின் பட்டியலோடு தொடங்கி, இரண்டாந் தவணையில் ஒவ்வொரு மாணாக்கரும் ஓர் ஓடையைச் சேர்க்கவும் ஒன்றை நீக்கவும் காரணங்காட்டி வாதிடச் செய்தல் வேண்டும். அவ்வாதமே உண்மையான பாடமாகும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2005இல் தொடங்கிப் பலரும் பயன்படுத்திய கூகிள் றீடர் 2013 யூலை 1ஆந் திகதி மூடப்பட்டது. தம் ஓடைப் பட்டியலைக் கோப்பாக எடுத்துவைத்தோர் அதனை வேறொரு வாசிப்பானுக்கு மாற்றிக்கொண்டனர். கருவி பிறருடையது, பட்டியல் தம்முடையது என்பதையும் மாணாக்கர் அறிதல் நன்று.

எழுத்தறிவித்ததோடு நம் கடன் தீர்ந்துவிடவில்லை. தெரிந்து வாசிக்கக் கற்பிக்கும் கடன் எஞ்சியிருக்கிறது. அடுத்த தவணைக்கு முன், ஆசிரியர் ஒவ்வொருவரும் பத்து ஓடைகளைத் தெரிந்து ஒரு மாதம் தாமே வாசித்துப் பார்ப்பாராக. தாம் பழகாத ஒன்றை மாணாக்கருக்குப் பழக்குதல் எங்ஙனம்?