பழைய தோட்டாவும் பச்சைக் கையும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலர்க் குழு அண்ணன்கள் என்னைப் பிடித்து, "கவிதை வேண்டாம்டா, அது மூட்டை மூட்டையா வந்து கிடக்கு. உருப்படியா ஒரு கட்டுரை கொடு" என்றார்கள். எனக்குத் தெரிந்த விஷயம் இரண்டே இரண்டு. ஒன்று எங்கள் அப்பா வேலை செய்கிற கல் குவாரி. இன்னொன்று என்.சி.சி. முகாமில் நான் சுட்ட ஐந்து ரவுண்டு. இரண்டையும் சேர்த்து ஒரு கருத்தைச் சொல்கிறேன். தவறிருந்தால் கேன்டீனில் வைத்துத் திட்டலாம், டீ மட்டும் நீங்கள் வாங்கித் தரவேண்டும்.

2019 ஆகஸ்ட் 21. பீகாரின் முன்னாள் முதலமைச்சர் ஜெகந்நாத் மிஸ்ராவுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. 22 போலீஸ்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து விசையை இழுக்கிறார்கள். ஒன்று கூட வெடிக்கவில்லை. 'டிக்' 'டிக்' என்று சத்தம் வந்ததோடு சரி. அந்த வீடியோவை ஹாஸ்டல் நண்பன் ஒருவன் போன வருஷம் என்னிடம் காட்டி விழுந்து விழுந்து சிரித்தான். "ஓட்டைத் துப்பாக்கிடா" என்றான். நான் கேட்டேன், "ஏன்டா, 22 துப்பாக்கியும் ஒரே நாள்ல, ஒரே நிமிஷத்துலயா கெட்டுப் போகும்? 22 பேருக்கும் பொதுவா இருந்தது எது? தோட்டாதானே?" அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் நான் அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய துப்பாக்கி என்றாலே நாம் இளப்பமாகப் பேசுகிறோம். இது சரியில்லை. நம் ஊர் போலீஸ் ஸ்டேஷன்களில் பல காலம் சாய்த்து வைத்திருந்த 'த்ரீ நாட் த்ரீ' இருக்கிறதே, அந்த லீ என்ஃபீல்டு ரைஃபிள், அதன் மூல வடிவம் 1895-ம் வருஷத்தது. முதல் உலகப் போரில் ஆங்கிலேயச் சிப்பாய் ஒரு நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை குறி பார்த்துச் சுடவேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளியே பதினைந்து! மேற்கு வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் நம் நாட்டிலேயே இதைச் செய்தார்கள். 1962-ல் சீனாவோடு சண்டை வந்தபோது நம் ஜவான்கள் கையில் இருந்தது இதுதான். 2008 நவம்பரில் மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே.47-க்கு எதிரே நின்ற போலீஸ்காரர்கள் சிலரிடமும் இதுதான் இருந்தது. உத்தரப் பிரதேச போலீஸ் இதற்கு வழியனுப்பு விழா நடத்தியது 2020 ஜனவரியில்தான். நல்ல இரும்பு, நல்ல ஹீட் ட்ரீட்மென்ட். எண்ணெய் போட்டு வைத்தால் எண்பது வருஷத்துக்குப் பிறகும் அது இரும்புதான்.

தோட்டா அப்படியில்லை. அது இரும்பு மாதிரி கிடக்கிற பொருள் கிடையாது. உள்ளுக்குள்ளே கெமிஸ்ட்ரி நடந்துகொண்டே இருக்கிற பொருள்.

எங்கள் ஊரில் ஒரு மிலிட்டரித் தாத்தா இருக்கிறார். அவர் சாவிக்கொத்தில் ஒரு வெற்றுத் தோட்டா தொங்கும். அதன் அடிப்பாகத்தை ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். கே.எஃப். என்று இரண்டு ஆங்கில எழுத்து, பாதி தேய்ந்த வருஷம், ரோமன் எண்ணில் ஏழு. கே.எஃப். என்றால் புனே பக்கத்தில் இருக்கிற கிர்க்கி தொழிற்சாலை. ஏழு என்பது 1910-ல் வந்த ஏழாம் மாடல் தோட்டா. கூடவே 'இசட்' என்று போட்டிருந்தால் உள்ளே கார்டைட் இல்லை, வேறு வகை மருந்து என்று அர்த்தம். அரை அங்குல வட்டத்துக்குள் ஒரு ஜாதகமே எழுதியிருக்கிறான்! நாற்பது வருஷமாகச் சாவிக்கொத்தில் வைத்திருந்தும் தாத்தா அதைப் படித்துப் பார்த்ததில்லையாம்.

கார்டைட் என்றதும் நமக்கு நீலகிரி ஞாபகம் வரவேண்டும். குன்னூர் பக்கம் அருவங்காட்டில் இருக்கிற கார்டைட் ஃபேக்டரி நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. ஊட்டி மலை ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷன் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1889-ல் ஏபல், டீவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மருந்து அது. நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, மீதி 5 பங்கு என்ன தெரியுமா? வாசலின்! நம் வீட்டில் உதடு வெடித்தால் தடவுகிறோமே, அதே சாமான். குழலுக்குள் வழவழப்பாக இருக்கட்டும் என்று சேர்த்தார்களாம். பார்த்தால் அதுதான் மருந்து கெட்டுப் போகாமல் பிடித்து வைத்திருந்தது. கார்டைட் மாதிரி மருந்துகள் சும்மா வைத்திருந்தாலே மெதுமெதுவாகச் சிதையும், அமில வாயு விடும். அந்த வாயு மேலும் சிதைக்கும். சூடு அதிகமானால் வேகமும் அதிகம். தகர ஷெட்டில் மே மாத வெயிலில் கிடந்த பெட்டியும், மலைமேல் குளிர்ந்த கிடங்கில் கிடந்த பெட்டியும் ஒரே வருஷத்துச் சரக்காக இருந்தாலும் வயது வேறு வேறு.

இதைவிட எனக்குப் பிடித்த கதை ஒன்று மெட்டலர்ஜி பாடத்தில் வருகிறது. 'சீசன் கிராக்கிங்' என்று படித்திருப்பீர்கள், இரண்டு மார்க் கேள்வி. அது நம் நாட்டு மழைக்காலத்தின் பெயர், தெரியுமா? ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடு மழை சீசன் வந்தால் கழுத்தில் விரிசல் விட்டுக்கொண்டே இருந்ததாம். யாரும் தொடக்கூட இல்லை. குதிரை லாயத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, மழை ஈரம், இரண்டும் சேர்ந்தது. 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம் கலந்த அந்தப் பித்தளையைத் தகடாக எடுத்து இழுத்து இழுத்துக் கூடு ஆக்கும்போது உள்ளே ஒரு விறைப்பு தங்கிவிடுகிறது. அந்த விறைப்பும் அம்மோனியாவும் சந்தித்தால் விரிசல். 1921-ல்தான் இதற்குச் சரியான விளக்கம் வந்தது. லேசாகச் சூடு காட்டி விறைப்பை எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். பாடத்தில் இதை நடத்தும்போது குதிரை லாயத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் அந்த இரண்டு மார்க்கை விட்டிருக்க மாட்டேன்.

சரி, பழைய தோட்டாவைச் சுடவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்கா மாதிரி நாடுகளில் பழைய ராணுவத் தோட்டாவை வாங்கிப் பழைய ரைஃபிளில் சுடுவதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். ரஷ்யாவின் மோசின் நாகந்த் ரைஃபிளுக்கு 440 தோட்டா அடைத்துச் சீல் வைத்த தகர டப்பா வரும். நெய் டின் உடைக்கிற மாதிரி உடைத்து எடுக்கவேண்டும். காற்றுப் புகாமல் இருந்ததால் ஐம்பது அறுபது வருஷத்துச் சரக்கும் ஒழுங்காக வெடிக்கிறது. (நம் நாட்டில் இந்த ஆசையெல்லாம் வேண்டாம் நண்பர்களே. .303 தனியார் கைக்குத் தடை செய்யப்பட்ட ரகம்.) அந்தத் தோட்டாக்களில் துரு பிடிக்கும், குழல் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள். அது உண்மைதான். பழைய கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடு ஆகிக் குழலுக்குள் படியும். உப்பு! ஊறுகாய் ஜாடியில் இரும்புக் கரண்டியைப் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஆத்தாவுக்கே தெரியும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் கொதிக்கிற தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றினார்கள், பிறகு துடைத்து எண்ணெய் போட்டார்கள். ஆக, துரு ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு கெட்டில் வெந்நீர் செலவு.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. விசையை இழுக்கிறோம். பின் அடிக்கிறது. வெடிக்கவில்லை. அந்த நொடியில் என்ன செய்வோம்?

முகாமில் எங்களுக்குக் கொடுத்தது .22 ரைஃபிள். ஆளுக்கு ஐந்து ரவுண்டு. பக்கத்தில் படுத்திருந்தவன் இரண்டாவது ரவுண்டு விசையை இழுத்தான். சத்தமில்லை. உடனே அவன், "சார், இது வேலை செய்யலை சார்!" என்று துப்பாக்கியோடு திரும்பினான். குழல் வாய் என் முகத்துக்கு நேராக வந்து, தாண்டிப் போய், பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் பக்கம் போனது. ஹவில்தார் சார் ஒரே தாவில் வந்து குழலைத் தரையோடு அமுக்கினார். அவர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வெடிக்காவிட்டால் துப்பாக்கியைக் குறியை நோக்கி அப்படியே பிடித்திருக்கவேண்டும். குறைந்தது முப்பது விநாடி, முடிந்தால் ஒரு நிமிஷம். கேப்பு ஈரம் பட்டிருந்தால், மருந்து கெட்டிருந்தால், தாமதமாகத் தீப்பிடிக்கலாம். அதற்குள் அவசரப்பட்டு போல்ட்டைத் திறந்தால் தோட்டா சேம்பருக்கு வெளியே வந்து, தாங்க இரும்புச் சுவர் இல்லாமல் வெடிக்கும். பித்தளைச் சில்லு கண்ணுக்குத்தான் வரும். இன்னொன்று, சத்தம் 'புஸ்' என்று வந்தால் அடுத்த ரவுண்டைப் போடவே கூடாது. குண்டு குழலிலேயே மாட்டியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளந்துவிடும்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்தப் பையனும் நோட்டில் எழுதியிருந்தான். ஆனால் கை பச்சைக் கை. முதல் தடவை படுத்திருக்கிறவனுக்கு நோட்டு ஞாபகம் வராது.

நான் பதறவில்லை. காரணம் என் தைரியம் இல்லை. வெடிக்காத வெடியைப் பற்றி எங்கள் வீட்டில் சின்ன வயசிலிருந்தே பேச்சு. குவாரியிலும் 'தோட்டா' என்றுதான் சொல்வார்கள், பாறைக் குழியில் இறக்குகிற மருந்துக் குச்சியை. அதிலும் 'கேப்பு' உண்டு, திரி உண்டு. வெடிக்காத குழிக்கு அரை மணி நேரம் கிட்டே போகக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அந்தச் சட்டத்தை அவர் கற்றுக்கொண்டது இரண்டு விரலைக் கொடுத்து. நான் நாலாம் வகுப்பு படித்தபோது நடந்தது. மழைக்கு முன்னால் மீந்துபோன கேப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்து, "முதல்ல இதைத் தீர்த்துட்டுப் புதுசைப் பிரிங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். பெட்டி மேல் தேதி அச்சடித்துத்தான் இருந்திருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்று அந்தக் குழியில் நின்ற நாலு பேருக்கும் தெரியாது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்லவேண்டும். பழைய சரக்கை முதலில் தீர்ப்பது நல்ல ஸ்டோர் முறைதான். நம் இண்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்ட் பாடத்திலேயே இருக்கிறது, முதலில் வந்தது முதலில் போகவேண்டும். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது யார் கையில் போய்த் தீர்கிறது என்று பாருங்கள். பயிற்சிக்குப் பழசு, சண்டைக்குப் புதுசு. ஃபிட்டிங் ஷாப்பில் முதலாம் ஆண்டுக்காரனுக்குப் பல் போன அரம், இறுதி ஆண்டுக்குப் புது அரம். தினக்கூலிக்கு மீந்த கேப்பு. பழைய தோட்டா சண்டைக்காரன் கையில் மக்கர் செய்தால் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியும். கற்றுக்கொள்ள வந்தவனுக்குத் தெரியாது. யாரால் தவறைச் சமாளிக்க முடியாதோ அவனிடமே தவறு செய்யக்கூடிய சாமானைக் கொடுப்பது என்ன நியாயம்? அரம் என்றால் கட்டை விரலில் கொப்புளம் வரும், பரவாயில்லை. தோட்டா அப்படியா?

எனக்கு எதிராக ஒரு வாதம் உண்டு. ஹவில்தார் சாரே சொன்னார்: "தம்பி, எல்லாம் புதுசா கொடுத்தா நீ ஒழுங்கா வெடிக்கிறதை மட்டும்தான் கத்துக்குவே. வெடிக்காததை எப்பக் கத்துக்குவே?" நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். வெடிக்காததைக் கற்றுக்கொடுக்க மருந்தே இல்லாத டம்மி ரவுண்டு இருக்கிறதே சார்! ஐந்து ரவுண்டுக்கு நடுவே பையனுக்குத் தெரியாமல் ஒரு டம்மியைப் போட்டுக் கொடுங்கள். அவன் திரும்பினால் அங்கேயே பிடித்துத் திருத்துங்கள். யாருக்கும் கண் போகாது. இதை அவரிடம் சொன்னபோது அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பதில் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

பழசைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், பெட்டி எந்த வருஷம், எந்தக் கிடங்கில் எப்படி இருந்தது என்று பார்க்கட்டும். அந்தப் பெட்டியில் பத்து இருபதை எடுத்து அனுபவப்பட்டவர் முதலில் சுட்டுப் பார்க்கட்டும். ஒன்று தாமதித்தாலும் அந்தப் பெட்டி முழுவதையும் ஒதுக்கட்டும். பீகாரில் முந்தின நாள் யாராவது மைதானத்தில் நின்று இரண்டே இரண்டைச் சுட்டுப் பார்த்திருந்தால் ஊர் முன்னால் அப்படி நின்றிருக்க வேண்டாம். அன்று போனது மானம் மட்டும்தான்.

முகாம் முடிந்து ஊருக்குப் போனதும் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். எத்தனை குறி அடித்தேன் என்று கேட்பார் என்று நினைத்தேன். "பெட்டியில என்ன வருஷம் போட்டிருந்துது கண்ணு?" என்றார். நான் பார்க்கவில்லை. டிப்ளமோ படிக்கிற நான் பார்க்கவில்லை! தலையைக் குனிந்துகொண்டேன்.

போன மாதம் லீவுக்குப் போனபோது அப்பா மடியிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தார். குவாரியில் புதிதாக வந்த பெட்டியின் மூடியைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார். மூன்று விரல் கையால் நீட்டி, "இதைப் படிச்சுச் சொல்லு, நாளைக்கு நாங்க பிரிக்கலாமான்னு பாப்போம்" என்றார். மாதம், வருஷம், லாட் எண் மூன்றையும் சத்தமாகப் படித்தேன். திண்ணையில் அவரோடு வேலை செய்கிற இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னொரு தரம் படி" என்றார்கள்.