பழையது என்பதால் பழிப்பதா?

புதுவண்டி வாசலுக்கு வந்தால் மாலை உண்டு, மஞ்சள் உண்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழமும் உண்டு. பழைய வண்டி வந்தாலோ, "யார் கழித்ததை வாங்கி வந்தாய்?" என்ற ஏளனக் கேள்வி உண்டு! கேட்பவர் எவர்? மாதத் தவணை கட்ட மாமனார் முகம் பார்த்து நிற்கும் மகானுபாவர்! கைப்பணம் கொடுத்துக் கடனின்றி வாங்கியவன் தலைகுனிய வேண்டுமாம். கடன் சுமந்து காட்சி தருபவர் தலைநிமிர்ந்து நடப்பாராம். தோழனே, இது தலைகீழ் நியாயமன்றோ? அதனால்தான் இன்று நான் பழைய வண்டியின் கட்சியில் நின்று பேசுகிறேன்.

பழைய வண்டிக்கு இந்நாட்டில் ஒரு பொற்காலம் இருந்தது. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்று பெயர்களுக்குள் கார் உலகமே அடங்கியிருந்த காலம் அது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை உரிமச் சீட்டு தீர்மானித்தது. பணம் கட்டியவர் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார். 1972இல் பிறந்த பஜாஜ் சேட்டக்குக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர் கதையும் அதுவே. ஆகவே, ஓடிய வண்டி புதிய வண்டியின் விலையையும் மிஞ்சி விற்ற விந்தை நடந்தது! அன்று பழைய வண்டி வைத்திருந்தவரைப் பாக்கியசாலி என்றனர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது; பின்னர் சந்தை திறந்தது; கம்பெனிகள் குவிந்தன. பாக்கியசாலி ஒரே தலைமுறையில் பரிதாபத்துக்குரியவரானார். வண்டி மாறவில்லை, தோழனே! பார்க்கும் கண் மாறிற்று.

புதுவண்டியின் மதிப்பு, காட்சிக்கூடத்தின் வாயிலைத் தாண்டியதுமே சரியத் தொடங்குகிறது. முதல் சில ஆண்டுகளில்தான் அந்தச் சரிவு மிகுதி. அந்த இழப்பை முதல் உரிமையாளர் தாங்கிக்கொள்கிறார். எஞ்சிய உழைப்பை இரண்டாமவர் பெற்றுக்கொள்கிறார். இதை இளக்காரம் என்பதா, இலாபம் என்பதா?

அந்த இரண்டாமவர் யார் என்று எண்ணிப் பார். விடியுமுன் பால் கொண்டு செல்பவர். கருவிப்பையோடு வீடுவீடாகச் செல்லும் மின்பணியாளர். சந்தைக்குக் கீரை ஏற்றிச் செல்லும் உழவர். 1980இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டி.வி.எஸ். 50, எத்தனை கை மாறி எத்தனை குடும்பங்களின் சோற்றைச் சுமந்தது! நம் கூட்டத்துக்குக் கொடி கட்டி வந்த வண்டிகளில் எத்தனை செகண்ட் ஹேண்ட் என்று கணக்கெடுத்தால், ஏளனம் செய்பவரின் வாய் தானே மூடிக்கொள்ளும்.

ஆனால், ஆர்வம் வேறு, ஏமாளித்தனம் வேறு. நாடக மேடையை அறிந்தவன் நான். ஒப்பனையின் வல்லமை எனக்குத் தெரியும். அறுபது வயதுக்காரரை அரிதாரம் இருபது வயது இளவரசனாக்கும். விற்பனைக்கு வரும் வண்டிக்கும் அரிதாரம் உண்டு. பளபளப்பைப் பார்த்து மயங்காதே.

குளிர்ந்திருக்கும் இன்ஜினை நீயே கிளப்பிப் பார். நீ வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால், ஏன் என்று கேள். புகையின் நிறம் பொய் சொல்லாது: நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, கருமை என்றால் எரிபொருள் மிகுதியாகச் செல்கிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால், ஆயிலில் நீர் கலந்திருக்கக்கூடும். கிலோமீட்டர் முள் இருபதாயிரம் என்கிறதா? பிரேக் மிதியின் ரப்பரைப் பார். அது வழவழவென்று தேய்ந்திருந்தால், முள் சொல்வதை நம்பாதே. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. டயரின் வயதையும் வண்டியின் வயதையும் ஒப்பிட்டுக் கேள்வி கேள். மோட்டார் சைக்கிளாயின், முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, கையை விட்டால் ஒருபுறம் இழுக்கிறதா என்று பார்.

2015இலும் 2023இலும் சென்னை வெள்ளத்தைக் கண்டோம். நீரில் மூழ்கிய கார்கள் அனைத்தும் அழிந்துவிடவில்லை. துடைத்து, உலர்த்தி, மணம் பூசி விற்பனைக்கு வந்தவையும் உண்டு. விரிப்பைத் தூக்கிப் பார். இருக்கையின் அடித்தண்டவாளத்தைத் தடவிப் பார். அங்கே சேறும் துருவும் சாட்சி சொல்லும்.

எல்லாவற்றினும் பெரிது ஆர்.சி.யில் பெயர் மாற்றம். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்திருக்க வேண்டும்; கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததென்ற சான்று வேண்டும். 29, 30 என்ற இரு படிவங்களும் உரிய காலத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்றாக வேண்டும். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். "தெரிந்தவர்தானே, பிறகு பார்ப்போம்" என்று விடுவது பேராபத்து. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்சநீதிமன்றம் உறுதிபடச் சொல்லிவிட்டது. விற்றுப் பல ஆண்டான வண்டி, விற்றவரின் வீட்டையே விழுங்கக்கூடும்!

இனி, ஆட்சியாளரிடம் சில கேள்விகள். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு தாண்டினால் 10,000 என்று 2025இல் உயர்த்தினர். மோட்டார் சைக்கிளுக்கு 2,000! தலைநகர் தில்லியிலோ, வயது முடிந்த வண்டிக்கு எரிபொருளே இல்லை என்று 2025 ஜூலையில் ஆணையிட்டு, மக்களின் சீற்றம் கண்டு சில நாட்களிலேயே நிறுத்திவைத்தனர்.

காற்று கெடுகிறதே என்பர். உண்மை, மறுக்கவில்லை. புகை கக்கும் வண்டிக்காக வழக்காட நான் வரவில்லை. நச்சுக் காற்றை முதலில் சுவாசிப்பவனும் சாலையோரத்து ஏழைதான். ஆனால், புகையை அளக்கக் கருவி இருக்கும்போது, பிறந்த ஆண்டை ஏன் அளக்கிறீர்கள்? பேணிக் காத்த பதினாறு வயது வண்டி குற்றவாளி. பேணாது கெடுத்த ஆறு வயது வண்டி உத்தமனா? சோதனை செய்யுங்கள், கடுமையாகவே செய்யுங்கள். தேறாததை விலக்குங்கள், தேறியதை ஓடவிடுங்கள். புதிது வாங்க வசதியுள்ளவர்க்குக் கட்டண உயர்வு ஒரு செய்தி. பழையதை நம்பிப் பிழைப்பவனுக்கோ அது ஒரு மாதத்து அரிசி.

தோழனே, பழைய வண்டி வாங்கு, பார்த்து வாங்கு, பெயர் மாற்றி வாங்கு. ஆயிலை வேளைக்கு மாற்று. பிரேக்கை முதலில் சீராக்கு, பெயிண்ட் பிறகு ஆகட்டும். புகைச் சான்றும் காப்பீடும் காலாவதியாக விடாதே. ஒழுங்காகப் பேணியவனுக்குத்தான் உரிமை கேட்கும் தகுதி உண்டு. அந்தத் தகுதியோடு கேள்: அளக்க வேண்டியது வண்டியின் வயதையா, வண்டி விடும் புகையையா?