டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்!

பட்டாளத்துக்காரர் வீடு என்றால் பரணில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மேலே வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதியிருக்கும். எங்கள் வீட்டிலும் உண்டு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக நான் அதைத் தொட்டதில்லை. "அதெல்லாம் ஆபீஸ் பேப்பர், உனக்கெதுக்கு?" என்பார் என் கணவர். நானும் விட்டுவிட்டேன்.

பக்கத்துத் தெரு அக்காவின் கதையைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. அவர் கணவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்தவர். கல்யாணமான புதிதில் மனைவி பெயரை, வீட்டில் கூப்பிடும் பெயரிலேயே பதிந்துவிட்டார். ரேஷன் கார்டு, ஆதாரில் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பெயர். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றே வருஷங்கள் ஓடின. திடீரென்று அண்ணன் தவறிவிட்டார். குடும்ப பென்ஷன் கேட்டுப் போனால், "அந்தப் பெயர் உங்களுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்கிறார்கள். வெலிங்டனில் இருக்கிற ரெக்கார்டு ஆபீசுக்குக் கடிதம், நோட்டரி, தாலுகா ஆபீஸ் என்று அலைந்து முடிய பதினான்கு மாதம். வைத்திய கார்டும் அதோடு நின்றுபோனது. சர்க்கரை மாத்திரைக்குக் கழுத்துச் செயின் அடகுக்குப் போனது.

இத்தனைக்கும் வசதி இல்லாமல் இல்லை. 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம், பென்ஷன் வாங்கும் படைவீரரோடு மனைவிக்கும், அவர் காலத்துக்குப் பின் குடும்ப பென்ஷன் வாங்கும் விதவைக்கும் உண்டு. பாலிகிளினிக்கில் பார்த்து, தேவையென்றால் ஒப்பந்தத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம். ஆனால் இரண்டு நாளைக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சியாச்சின் பனியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ஆண்கள், இதை வீட்டில் சொல்வதில்லை!

பென்ஷன் இல்லாமல் பாதியில் வந்தவர்களும் உண்டு. அவர்களில் ஹவில்தார் பதவி வரை இருந்து 65 வயது தாண்டியவர்களும், அவர்களுடைய விதவைகளும் மாதாந்திர உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. முழங்கால் வலியோடு ஆத்தூர், முக்காணி, பழையகாயல் தாண்டி தூத்துக்குடிக்கு மாத்திரை வாங்க பஸ் ஏறுவது கிழவிகளுக்குப் பெரும்பாடு. மாதம் ஒரு நாளாவது டாக்டரும் மருந்தும் திருச்செந்தூர் பக்கம் வந்தால் என்ன?

போன வாரம் அவரை உட்கார வைத்துப் பெட்டியைத் திறந்தேன். டிஸ்சார்ஜ் புத்தகமும் பென்ஷன் ஆர்டரும் பத்திரமாக இருந்தன. என் பெயர் சரி. பிறந்த வருஷம்தான் தப்பு. மறுநாளே திருத்தச் சொல்லி மனு எழுத வைத்துவிட்டேன்.

— ஒரு முன்னாள் படைவீரரின் மனைவி, சாகுபுரம்.