விண்ணப்பிக்கும் நாளில் பணம் வேண்டும்

1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய தொழில்தான் இன்றைய எம்.ஆர்.எஃப். அந்த மூன்றெழுத்தை வேறொருவர் தன் டயரில் போட்டு விற்க முடியாது. சட்டம் அந்தப் பெயருக்குக் காவல் நிற்கிறது. இன்று அதே ஊரில் லேத் பட்டறை வைத்து, வால்வுக்கோ பம்புக்கோ புதிதாக ஒரு பாகத்தை உருவாக்குபவருக்கு அந்தக் காவல் எட்டவில்லை. தடுப்பது, உதவி என்ற பெயரில் அரசே எழுதி வைத்திருக்கும் விதி.

ஒன்றிய அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2022 மார்ச்சில் 'எம்.எஸ்.எம்.இ. இன்னோவேட்டிவ்' திட்டத்தைத் தொடங்கியது. உள்நாட்டுக் காப்புரிமைக்கு ரூ.1 லட்சம் வரை, வெளிநாட்டுக் காப்புரிமைக்கு ரூ.5 லட்சம் வரை, வடிவமைப்புப் பதிவுக்கு ரூ.15,000 வரை, டிரேட்மார்க்குக்கு ரூ.10,000 வரை. தொகையில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பட்டறைக்காரர் முழுச் செலவையும் தானே செய்து, உரிமை கிடைத்த பிறகுதான் திரும்பக் கேட்க முடியும். காப்புரிமை கிடைக்க ஆண்டுகள் ஆகும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ஒரு பைசா வராது.

ஜாப் ஆர்டரில் ஓடும் பட்டறை எப்படி இயங்குகிறது என்று இந்த விதியை எழுதியவர்கள் விசாரித்தார்களா? ஆர்டர் வேண்டுமென்றால் முதலில் சாம்பிள் கொடுக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பொருள் வெளியே தெரிந்துவிட்டால், அது புதியது என்ற தகுதியே போய்விடக்கூடும். ஆகவே சாம்பிள் கை மாறுவதற்கு முன்பே விண்ணப்பம் பதிவாக வேண்டும். சிறு நிறுவனம் இணையத்தில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் ரூ.1,600தான். கண்டுபிடிப்பைச் சட்ட மொழியில் எழுதித் தரும் முகவரின் கட்டணம்தான் கழுத்தை நெரிப்பது. இரும்புக்கும் கூலிக்கும் கரன்ட் பில்லுக்கும் திண்டாடும் அந்த வாரத்தில்தான் அந்தப் பணம் தேவை. சான்றிதழ் வந்தபின் கொடுப்பது, கடன் வாங்க வழியுள்ளவருக்கு மட்டுமே உதவும்.

வேறு வழி தெரியாது என்று அரசு சொல்ல முடியாது. ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்காக 2016இல் வந்த திட்டத்தில், விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே முகவர் கட்டணத்தை அரசு கொடுத்தது. ஆனால் தனி ஒருவர் பெயரில் நடக்கும் பட்டறை, எத்தனை புதுமை செய்தாலும், சட்டப்படி ஸ்டார்ட்அப் ஆகாது. ஸ்டார்ட்அப்பாகப் பதிந்தவருக்கு முன்பணம், கையில் கிரீஸ் படிந்தவருக்குக் காத்திருப்பு. இந்தப் பாகுபாட்டை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தூரமும் ஒரு தடை. காப்புரிமை அலுவலகமும் சிறுதொழில் வளர்ச்சி அலுவலகமும் கிண்டியில், ஒரே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கின்றன. பட்டறையை ஒருநாள் மூடினால்தான் திருவொற்றியூர்க்காரர் அங்கே போய் வர முடியும்.

விதியைத் திருத்துங்கள். 'உத்யம்' என்ற சிறுதொழில் பதிவுள்ள ஒவ்வொரு பட்டறைக்கும், விண்ணப்ப எண் கிடைத்த நாளிலேயே பாதித் தொகை போய்ச் சேர வேண்டும். முகவரின் கட்டணத்தை அரசே நேரடியாகக் கொடுக்க வேண்டும். வாரம் ஒரு நாளாவது அதிகாரிகள் திருவொற்றியூருக்கு வந்து விண்ணப்பங்களை வாங்க வேண்டும். அடுத்த நிதியாண்டு தொடங்கும் முன் இவை ஆணையாக வர வேண்டும்.