நின்றபடி ஓடும் வண்டி

ரோந்து வண்டி என்றால் சைரன் அலற ஒருவனைத் துரத்திப் பிடிப்பது என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. 2013-இல் துபாய் காவல் துறை லம்போர்கினி காரையே ரோந்துக்கு விட்டபோது உலகம் வேடிக்கை பார்த்தது. அதை வாங்கியதும் வேடிக்கைக்குத்தான். உண்மையில் ரோந்து வண்டி அதிக நேரம் செய்யும் வேலை, நிற்பது. சந்திப்பில், கடைத்தெரு முனையில், சுங்கச்சாவடி ஓரத்தில் எஞ்சினை அணைக்காமல் நிற்பது. வயர்லெஸ், கூரைமேல் சுழலும் விளக்கு, ஏசி எல்லாம் அந்த எஞ்சினை நம்பித்தான் இருக்கின்றன. காவல் துறைக்கென்றே தனி வண்டி தயாரிக்கும் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் போட்ட கணக்கின்படி, 8 மணி நேரப் பணியில் ஏறக்குறைய 5 மணி நேரம் வண்டி இப்படி நின்றபடி ஓடுகிறது. அந்த ஒவ்வொரு மணி நேரமும் 33 மைல், அதாவது 53 கிலோமீட்டர் ஓடிய அளவுக்கு எஞ்சினைத் தேய்க்கிறது என்பதும் அதே நிறுவனத்தின் மதிப்பீடு. ஒரு பணிநேரத்தில் சுமார் 260 கிலோமீட்டர். மீட்டரில் ஒரு எண்கூட நகர்ந்திருக்காது. நம் ஊர் வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு யாரும் உள்ளே உட்காரப்போவதில்லை என்பதால், இந்தக் கணக்கு இங்கே குறையும் என்று நம்பக் காரணம் இல்லை.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் விதி ரத்து செய்துவிட்டது. சட்டம் ஒழுங்குப் பணிக்கான கவச வண்டி போன்ற சிறப்பு வாகனங்களுக்கு மட்டுமே அதில் விலக்கு. சாதாரண ரோந்து ஜீப்புக்கு இல்லை. ஆகவே காவல் துறைகள் தொடர்ந்து புது வண்டி வாங்கியே தீர வேண்டும். நகர ரோந்துக்கு நம்பகமான நடுத்தர எஸ்யூவியை, அதிலும் ஹைபிரிட் வகையை வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

அமெரிக்கக் காவல் துறைகளின் அடையாளமாகவே இருந்த கிரவுன் விக்டோரியா காரின் உற்பத்தி 2011-இல் நின்றது. அதன் இடத்தில் ஃபோர்டு இரண்டு வண்டிகளை வைத்தது: டாரஸ் என்ற செடான், எக்ஸ்புளோரர் என்ற எஸ்யூவி. செடான் 2019-இல் காணாமல் போயிற்று. எஸ்யூவி சந்தையைப் பிடித்துக்கொண்டது. இதில் மோகத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இடுப்பில் கனத்த பெல்ட்டோடு ஒரு நாளைக்குப் பலமுறை ஏறி இறங்குபவருக்கு உயரமான இருக்கை எவ்வளவு வசதி என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கைதி உட்காரத் தடுப்புக் கம்பி, கணினி, சாலைத் தடுப்புக் கூம்புகள், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றுக்கும் செடானில் இடம் போதாது. 2020 மாடலில் ஃபோர்டு ஹைபிரிட் எஞ்சினையே அந்த எஸ்யூவியின் வழக்கமான எஞ்சினாக்கியது. நிற்கும்போது எஞ்சின் தானே அணைய, மின்கலம் விளக்கையும் வயர்லெஸையும் பார்த்துக்கொள்ளும். நிற்பதே வேலையான வண்டிக்கு இதைவிடப் பொருத்தம் எது?

இங்கே ஹைபிரிட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நன்றாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். தெருமுனையில் நின்றே காலம் கழிக்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்; பிறகு வண்டி பட்டறையில் நிற்கும். நெடுஞ்சாலை ரோந்துக்கு டீசல் இருக்கட்டும். சென்னை, மதுரை, கோவையின் நகர எல்லைக்குள் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். அளவிலும் அமெரிக்காவைப் பார்த்து ஏமாறக்கூடாது. அவர்கள் நடுத்தரம் என்று சொல்லும் எக்ஸ்புளோரர் 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். திருவல்லிக்கேணித் தெருவில் அது நுழைந்தால் தெருவே அடைபடும். நமக்கு நடுத்தரம் என்பது 4.3 மீட்டர் நீளத்து வண்டிகள்தான்.

விலை அதிகமாயிற்றே என்பார்கள். உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதைத் தாண்டினால் 40. 4 மீட்டருக்குள் அடங்கும் பொலேரோவுக்கும் ஹைபிரிட் எஸ்யூவிக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் வரியே கணிசமாகக் கலந்திருக்கிறது. அரசு வாங்கினால் அந்த வரியில் பாதி மாநிலத்துக்கே திரும்பும் என்பதைக் கணக்குப் போடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். எரிபொருளும் பட்டறை நாட்களும் சேர்த்து 10 ஆண்டுக் கணக்கு பார்க்காமல், காட்சியறை விலையை மட்டும் ஒப்பிடுவது பாதிக் கணக்கு. நம்பகம் என்பதில் கம்பெனி நாட்டில் நிலைத்திருப்பதும் அடக்கம்: 2017-இல் ஷெவர்லே இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, நான் மேலே சாட்சிக்கு அழைத்த அதே ஃபோர்டும் 2022-இல் மறைமலை நகர் உற்பத்தியை நிறுத்தியது.

பாதசாரிகளுக்கு ஆபத்து என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். முன்பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், தாழ்வாகச் சரிந்த முகப்புள்ள வண்டிகளைக் காட்டிலும் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் 2023-இல் கண்டறிந்தது. இதற்கு மறுப்பு இல்லை. சுவர்போல நிமிர்ந்த முகப்புள்ள பெரிய எஸ்யூவிகளைத் தவிர்ப்பதற்கு இதுவே போதுமான காரணம். சந்துகளுக்கு மோட்டார் சைக்கிளும் நடை ரோந்தும் தேவை என்பதும் சரியே. வண்டி அவற்றுக்கு மாற்று ஆகாது. மின்சார வண்டி நிற்கும் வேலைக்கு இன்னும் பொருத்தம். ஆனால் மூன்று ஷிப்டும் ஓடும் வண்டிக்குச் சார்ஜ் ஏற ஓய்வு எங்கே? பகலில் மட்டும் ஓடும் பிரிவுகளில் அதைத் தொடங்கலாம்.

நல்ல வண்டியையும் கெடுத்துவிட முடியும் என்பதற்கு டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் உதாரணம். 2017-இல் அங்கே காவலர்களுக்குக் கார்பன் மோனாக்சைடு நச்சேறி மயக்கம் வர, சுமார் 400 எக்ஸ்புளோரர்களை மொத்தமாகச் சாலையிலிருந்து எடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த அமெரிக்க மத்திய அரசு விசாரணை 2023-இல் முடிந்தபோது, காவல் வண்டிகளில் நச்சுப்புகை புகுந்த வழி தெரிந்தது: விபத்தில் நெளிந்த பின்பகுதி, விளக்கும் கருவியும் பொருத்தத் துளையிட்டுவிட்டுச் சரியாக அடைக்காத ஓட்டைகள். நம் டெண்டர்களில் விலைக்குப் பக்கத்தில் யார், எங்கே துளையிடுவார்கள், யார் அதைச் சோதித்துக் கையெழுத்திடுவார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். கூடவே எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரும் வேண்டும். ஆயில் மாற்றும் நாளை ஓட்டுநர் கிலோமீட்டரை விட்டுவிட்டு அதைப் பார்த்துக் குறிக்கட்டும்.