குறைத்து ஓட்டும் ராக்கெட்

விகாஸ் எஞ்சினின் சக்தியைப் பல ஆண்டுகளாகக் கூட்டிவந்த விஞ்ஞானிகள், மனிதர்கள் ஏறப்போகிறார்கள் என்றதும் அதைக் குறைக்கிறார்கள்.

காருக்கு டர்போ பொருத்தி, எரிபொருள் அளவை மாற்றி, எஞ்சினிலிருந்து கொஞ்சம் கூடுதல் குதிரைசக்தியைக் கறந்துவிட வேண்டும் என்ற ஆசை இளைஞர்களுக்குப் புதிதல்ல. சட்டத்துக்கு அந்த ஆசை பிடிப்பதில்லை. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகவே சொல்லிவிட்டது: தயாரிப்பாளர் நிர்ணயித்த அம்சங்களுக்கு முரணாக வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது.

ஆனால் அதே கேரளத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த நெடுமங்காடு பக்கம் வலியமலையில், எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதையே அரசு வேலையாகச் செய்கிறார்கள். இஸ்ரோவின் திரவ உந்துவிசை அமைப்புகள் மையம் அங்கேதான் இருக்கிறது. சாலையில் குற்றமாவது வலியமலையில் சாதனை. பி.எஸ்.எல்.வி., ஜி.எஸ்.எல்.வி., எல்.வி.எம்.-3 என்று இந்தியாவின் முக்கிய ராக்கெட்டுகள் மூன்றிலும் இருக்கும் விகாஸ் எஞ்சின் இந்த மையத்தின் பொறுப்பு.

காரின் டர்போவும் ராக்கெட்டின் டர்போபம்ப்பும் நெருங்கிய உறவினர்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனையின் சாரம் எளிமையானது. வீணாகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம். சக்தி தானாகவே உயரும்.

ராக்கெட் காற்றை நம்புவதில்லை. எரிபொருளையும், அதை எரிக்கத் தேவையான நைட்ரஜன் டெட்ராக்சைடையும் தானே சுமந்து செல்கிறது. இரண்டையும் எரிகலத்துக்குள் திணிக்கும் வேலை டர்போபம்ப்புடையது. அதைச் சுழற்றுவது வெளியேறும் புகை அல்ல. கேஸ் ஜெனரேட்டர் என்ற சிறிய அறையில் அதே திரவங்கள் கொஞ்சம் எரிகின்றன. அந்த வாயுவின் சூடு தாங்காது என்பதால் அதில் தண்ணீரைக் கலந்து தணிக்கிறார்கள். பிறகு அது டர்பைனை நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுழற்றுகிறது. பம்ப்புகள் விநாடிக்குக் கால் டன்னுக்கும் அதிகமான திரவத்தை எரிகலத்தில் கொட்டுகின்றன. இரண்டு திரவங்களும் தொட்டவுடன் தீப்பற்றும். தனியாகத் தீப்பொறி தேவையில்லை.

இந்த எஞ்சின் இந்தியாவுக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. 1974-ல் பிரான்ஸின் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வைகிங் எஞ்சினின் தொழில்நுட்பத்தைப் பிரான்ஸ் தரும்; பதிலாக இந்தியப் பொறியாளர்கள் ஏரியான் ராக்கெட் திட்டத்துக்கு 100 மனித ஆண்டு உழைப்பைத் தருவார்கள். வெர்னான் நகரில் அவர்களுக்குத் தலைமை வகித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த நம்பி நாராயணன். 1994-ல் பொய்யான உளவு வழக்கில் கைதாகி, 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு பெற்ற அதே நம்பி நாராயணன். இந்தியாவில் செய்த முதல் எஞ்சின் 1985-ல் வெர்னானுக்கே எடுத்துச் செல்லப்பட்டு, சோதனையில் தேறியது. 1993 செப்டம்பரில் பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் விகாஸ் பறந்தது.

அதன்பிறகு தொடங்கியது சக்தி கூட்டும் வேலை. ராக்கெட் எஞ்சினின் சக்தியை அறிய எரிகலத்தின் அழுத்தத்தைப் பார்த்தால் போதும். ஆரம்பத்தில் அது 52.5 பார். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். பிறகு 58.5 பார். அதற்கும் பிறகு 62 பார். எஞ்சினின் அடிப்படை வடிவம் அதேதான். ஆனால் உள்ளே போகும் திரவம் அதிகம், பம்ப்பின் உழைப்பு அதிகம், உலோகம் தாங்க வேண்டிய சூடும் அதிகம். 2018 மார்ச் 29-ல் ஜி.எஸ்.எல்.வி. எஃப்-08 ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இந்த உயர்சக்தி விகாஸ் முதன்முதலாகப் பறந்தது. உந்துவிசையில் 6 சதவிகிதம் லாபம். அதே ஆண்டு நவம்பரில் எல்.வி.எம்.-3 ராக்கெட்டுக்கும் அது வந்துவிட்டது.

6 சதவிகிதம் என்பது காதில் சிறியதாக விழலாம். ராக்கெட்டில் அப்படியல்ல. கிளம்பும்போது இருக்கும் எடையில் பெரும்பகுதி எரிபொருளுக்கே போய்விடுகிறது. எஞ்சின் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் புவியீர்ப்புடன் மல்லுக்கட்டும் நேரம் குறையும். மிச்சமாகும் எரிபொருள் செயற்கைக்கோளின் எடையாக மாறும். எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் உச்சியில் இருக்கும் சி.இ.-20 கிரையோஜெனிக் எஞ்சினும் இதே மையத்தின் படைப்பு. அதன் உந்துவிசையைச் சுமார் 22 டன்னாக உயர்த்தி, எரிபொருளையும் கூட்டினால் இன்னும் 450 கிலோ வரை சுமக்கலாம் என்று 2022 நவம்பர் சோதனைக்குப் பிறகு இஸ்ரோ அறிவித்தது.

பிறகு ஏன் தயக்கம்? விகாஸின் குடும்ப வரலாற்றைப் புரட்டினால் பதில் கிடைக்கும். 1980 மே மாதம் ஏரியானின் இரண்டாவது பயணம் தோல்வியடைந்தது. வைகிங் எஞ்சின் ஒன்றின் எரிகலத்துக்குள் எரிதல் தாறுமாறாக அதிர்ந்ததே காரணம். அதற்குப் பிறகு எரிபொருளையே மாற்றினார்கள். 1990 பிப்ரவரியில் இன்னொரு ஏரியான் இரண்டு ஜப்பானிய செயற்கைக்கோள்களுடன் அழிந்தது. விசாரணையில் கிடைத்த குற்றவாளி ஒரு துணித்துண்டு. எஞ்சினுக்குத் தண்ணீர் செல்லும் குழாயில் யாரோ மறந்துவிட்டுப்போன துணி.

இந்தியாவின் பாடம் 2006 ஜூலை 10-ல் வந்தது. இன்சாட்-4சி செயற்கைக்கோளுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. எஃப்-02 ராக்கெட்டின் பக்கவாட்டு விகாஸ் எஞ்சின்கள் நான்கில் ஒன்று, தரையை விட்ட 0.2 விநாடியில் சக்தியை இழந்தது. மீதி மூன்றை வைத்துக்கொண்டு ராக்கெட் சுமார் 50 விநாடிகள் சமாளித்தது. ஒலியின் வேகத்தை நெருங்கிய கட்டத்தில் காற்றின் தாக்குதலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் உடைந்து சிதறியது.

விசாரணைக் குழு கண்டுபிடித்தது ஒரு ரெகுலேட்டரை. வீட்டு கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் செய்யும் வேலையைத்தான், பல மடங்கு துல்லியமாக, எஞ்சினின் ரெகுலேட்டரும் செய்கிறது: கேஸ் ஜெனரேட்டருக்குப் போகும் திரவத்தை அளந்து விடுகிறது. அந்த ஒரு ரெகுலேட்டர், மூடிய நிலையிலும் அளவுக்கு மீறித் திரவத்தை விட்டது. கேஸ் ஜெனரேட்டரில் அழுத்தம் எகிறியது, அது தாங்கவில்லை. தயாரிப்பில் நேர்ந்த பிழை பரிசோதனைகளையும் தாண்டி வந்துவிட்டிருக்கலாம் என்றது குழு. கார் மெக்கானிக்குகளுக்கு இது தெரிந்த கதைதான். டர்போவின் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு சரியாக வேலை செய்யாவிட்டால், கூடுதல் சக்தியே எஞ்சினைத் தின்றுவிடும்.

இதே எஞ்சின்மீதுதான் இனி மனிதர்கள் உட்காரப்போகிறார்கள். ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நான்கு விமானப்படை அதிகாரிகளின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27-ல் வெளியானதும் திருவனந்தபுரத்தில்தான், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில். நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர்களுக்கான எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் நடுக்கட்டத்தில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஆளில்லாத ராக்கெட்டில் 62 பார் அழுத்தத்தில் இயங்கும் விகாஸ், மனிதர்களுக்கான ராக்கெட்டில் 58.5 பாரில் இயங்கும். 2018-ல் கிடைத்த லாபம் ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பித் தரப்படுகிறது. கிரையோஜெனிக் எஞ்சினிலும் இதே நிதானம். 22 டன் உந்துவிசைவரை சோதித்தாயிற்று. ககன்யானுக்கு 20 டன் போதும் என்று முடிவு.

சோதனைக் களத்தில் மட்டும் தாட்சண்யம் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் 2021 ஜூலை 14-ல் விகாஸை 240 விநாடிகள் தொடர்ந்து எரியவிட்டுப் பார்த்தார்கள். 2022 ஜனவரியில் எரிகல அழுத்தத்தையும் திரவங்களின் விகிதத்தையும் வழக்கமான வரம்புக்கு வெளியே தள்ளி, 25 விநாடிகள் இயக்கினார்கள். தரையில் எல்லையைத் தாண்டு, வானத்தில் எல்லைக்குள் நில் என்பதே விதி.

இந்த நிதானத்துக்கு விலை உண்டு. ககன்யான் போன்ற பயணத்தில் எடைக்குப் பஞ்சமே இல்லை. வீரர்கள், அவர்கள் மூச்சுவிடக் காற்று, ஆபத்தில் கலத்தைப் பிய்த்துக்கொண்டு பறக்கும் தப்பிக்கும் அமைப்பு எல்லாம் கிலோ கணக்கில் சேர்கின்றன. சக்தி அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் சக்தியைக் குறைக்கிறார்கள். செயற்கைக்கோள் தொலைந்தால் இன்னொன்று செய்யலாம் என்ற ஒரே காரணம் இந்தக் கணக்கை முடித்துவிடுகிறது. இன்சாட்-4சி அழிந்த அடுத்த ஆண்டே, 2007 செப்டம்பரில், அதற்கு மாற்றான இன்சாட்-4சி.ஆர். விண்ணுக்குப் போய்விட்டது.

ஆனால் அழுத்தத்தைக் குறைத்ததுமே பாதுகாப்பு வந்துவிடாது. 2006-ல் தோற்றது 62 பாருக்கு உயர்த்தப்பட்ட எஞ்சின் அல்ல. அது பழைய, மிதமான விகாஸ். 1990-ல் ஏரியானைக் கவிழ்த்த துணிக்கும் அழுத்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. விட்டுவைத்த 3.5 பார், உலோகத்தின் சோர்வையும் சிறு கோளாறுகளையும் மன்னிக்கும். கண்ணுக்குத் தப்பிய பிழையை மன்னிக்காது. 2001 மார்ச் 28-ல் முதல் ஜி.எஸ்.எல்.வி. கிளம்பச் சுமார் ஒரு விநாடி இருந்தபோது, பக்கவாட்டு எஞ்சின் ஒன்று போதிய விசை தரவில்லை என்று கண்டு கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் நிறுத்தியது. 21 நாள் கழித்து அதே ராக்கெட் பறந்தது. காப்பாற்றியது கண்காணிப்பு.

ஆக, வலியமலையில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. செயற்கைக்கோள்களுக்காக எஞ்சினின் சக்தியைக் கூட்டுவது ஒன்று. அது உலகத்துக்குத் தெரிகிற வேலை. செய்தியில் வரும், சதவிகிதத்தில் அளக்கலாம். இன்னொன்று, ஒவ்வொரு ரெகுலேட்டரையும், ஒவ்வொரு குழாயையும் மறுபடி மறுபடி பார்ப்பது. அதற்குச் சதவிகிதம் கிடையாது. சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது. நான்கு அதிகாரிகளின் குடும்பங்கள் எதிர்பார்ப்பது அந்த இரண்டாவது வேலையைத்தான்.